இல்லத்தை விட்டு வரும்போது கையில் என்ன இருக்கிறது?

அந்தத் தம்பியை முதலில் பார்த்தது ஒரு வட்டாட்சியர் அலுவலக வாசலில். ஜூன் மாதம். கல்லூரி சேர்க்கை நேரம் என்பதால் இ-சேவை மையத்தில் தொடங்கிய வரிசை கேட் வரை நின்றது. வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பக்கத்தில் அப்பாவோ, அம்மாவோ, மாமாவோ நின்றார்கள். இவன் மட்டும் தனியாக, மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

மனு எழுதித் தருகிறவர் அவனிடம் சொல்லியனுப்பியது இது: "அப்பாவோட சாதிச் சான்று, ரேஷன் கார்டு, அப்பாவோட டி.சி. எடுத்துக்கிட்டு வா."

"மூணும் இல்லணா. அப்பா பேரு மட்டும்தான் தெரியும்" என்றான் என்னிடம்.

பையில் இருந்ததைக் காட்டினான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ். குழந்தைகள் இல்லத்தின் முகவரி போட்ட ஆதார் அட்டை. வங்கிக் கணக்குப் புத்தகம். இல்லத்தில் எடுத்த குழுப் படம் ஒன்று. பத்து வருட வாழ்க்கை அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 431 வாங்கியிருந்தான். சாதிச் சான்று இல்லாததால் கல்லூரி விண்ணப்பத்தில் அவன் பொதுப் பிரிவு.

அவன் ஊர், இல்லம், பெயர் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எழுதவில்லை. ஆனால் அவன் கதை அவனோடு முடிவதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது முடிந்து வெளியே வரும் தலித் பிள்ளைகள் பலர் முட்டி நிற்கிற இடம் இதுதான். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு பக்கமும் இல்லாத பிள்ளை

அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது கிணறு ஆழப்படுத்தும் வேலையில் அப்பா இறந்தார். அம்மா செங்கல் சூளைக்குப் போனார். சூளைக்குப் போனால் ஆறு மாதம் அங்கேயே குடிசை போட்டுத் தங்க வேண்டும். பையனின் படிப்பு கெடும் என்று எட்டு வயதில் இல்லத்தில் சேர்த்தார். பொங்கலுக்கும் முழுப் பரீட்சை விடுமுறைக்கும் வந்து பார்ப்பார். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மாவும் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள், தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தொட்டிலில் கிடைத்த குழந்தை, பெற்றோர் யார் என்றே தெரியாத குழந்தை ஆகியோருக்கு இது பெரிய பாதுகாப்பு.

இந்தத் தம்பிக்கு அதுவும் இல்லை. அம்மா இறந்தபோது அவனுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அத்தையும் பெரியப்பாவும் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே அவன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். பிறப்பால் அவன் ஆதிதிராவிடர். அதற்குக் காகிதம் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

இல்லத்தில் கேட்டதற்கு, "ஸ்கூல்ல எழுதியிருப்பாங்க" என்றார்கள். பள்ளியில் கேட்டதற்கு, "இல்லத்துல சான்று குடுக்கல, அதனால அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கோம்" என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில், "பத்து வருஷமா நீ இந்த ஊர்லயே இல்லையேப்பா" என்றார்கள். ஒருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனாலும் அவனுக்கு ஒரு வருடம் போய்விட்டது.

இல்லத்தைக் குறை சொல்லவும் அவன் தயாராக இல்லை. "மூணு வேளை சோறு போட்டாங்க, ட்யூஷன் வச்சாங்க, அடிக்கல. சான்று விஷயம் மட்டும் யாருக்கும் தோணலணா" என்றான். தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. இல்லத்துக்குள் இருக்கும் வரை சாதிச் சான்று இல்லாமலே எல்லாம் நடக்கும். சோறு, துணி, பள்ளி எதற்கும் அது தேவைப்படாது. வாசலைத் தாண்டிய மறுநாள் எல்லாவற்றுக்கும் அதுதான் தேவை.

அந்த ஒரு காகிதத்தில் இருப்பது என்ன?

மாணவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 18 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் உள்ளது. மத்திய அரசு வேலைகளில் 15 விழுக்காடு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை, நாடு விடுதலை அடைவதற்கு முன்பே, 1944இல் தொடங்கப்பட்டது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கச் செய்தது 2012இல் வந்த அரசாணை எண் 92. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக் கட்டண விலக்கு, காவலர் தேர்வில் வயது வரம்புத் தளர்வு, தாட்கோ நடத்தும் திறன் பயிற்சி, தொழில் கடன் எல்லாமே அந்தச் சான்றைக் காட்டினால்தான்.

அப்பா, அம்மா, நிலம், வீடு என்று எதுவும் இல்லாத ஒரு தலித் பிள்ளைக்கு இந்த உரிமைகள்தான் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. அதற்கான பத்திரம்தான் சாதிச் சான்று. பத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே அனுப்புகிறோம்.

இதில் உள்ள கொடுமையைச் சொன்னது அவனுடைய அத்தை. ஒரு நாள் எங்களோடு அலுவலகத்துக்கு வந்தவரிடம், "இவன் உங்க அண்ணன் மகன்தான்னு எப்படி நம்புறது?" என்று ஒருவர் கேட்டார். அத்தை குரலை உயர்த்தவில்லை. "எங்கண்ணன எந்த வழியா சுடுகாட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்கன்னு ஊர்ல கேளுங்க சார். ரோட்டு வழியா விட்டாங்களா, வயக்காட்டு வழியா விட்டாங்களான்னு கேளுங்க. அதுக்கு மேல என்னா சான்று வேணும்?" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. டீக்கடையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நம் சாதியைத் தெரிந்துகொள்ள ஊர் ஒருநாளும் காகிதம் கேட்டதில்லை. உரிமை என்று போய் நிற்கும்போதுதான் காகிதம் கேட்கிறார்கள்.

பழைய பதிவேட்டில் ஒரு பெயர்

கடைசியில் வழி திறந்தது ஊர்த் தொடக்கப் பள்ளியில். அத்தை சொன்ன யோசனைதான். "எங்கண்ணன் அஞ்சாவது வரைக்கும் படிச்சிது." தலைமை ஆசிரியை இரண்டு நாள் பீரோவைக் குடைந்து, செல்லரித்த சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எடுத்தார். அதில் அவன் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், பிறந்த தேதி, எதிரே 'இந்து - ஆதிதிராவிடர்'.

தம்பி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். அப்பாவின் பிறந்த தேதி அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அந்தப் பதிவின் நகல், பெரியப்பா மகனின் சாதிச் சான்று, பெற்றோர் இருவரின் இறப்புச் சான்று, இல்லத்தில் சேர்த்தபோது அம்மா கைநாட்டு வைத்த விண்ணப்பம், இல்லக் கண்காணிப்பாளரின் கடிதம் இவற்றை வைத்துப் புதிதாக விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் ஊரில் விசாரித்தார்கள். சான்று வந்தது. முதல் தடவை வரிசையில் நின்றதற்கும் சான்று கைக்கு வந்ததற்கும் இடையில் ஒன்பது மாதங்கள். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்து, அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தான்.

அந்தப் பள்ளிப் பதிவேடு அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோதும் அதே ஊரில்தான் இருந்தது. அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்தார். அவர் ஒரு நாள் கூலியை விட்டு வந்திருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லங்களில் உள்ள குழந்தைகளைப் பற்றிய முதன்மைச் சட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும் என்கிறது. படிப்பு, உடல்நலம், குடும்பத் தொடர்பு, எதிர்காலம் எல்லாம் அதில் வர வேண்டும். 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்கு 21 வயது வரை அளிக்கும் உதவிக்குப் 'பிற்காப்பு' என்று பெயர். தனிப்பட்ட சூழ்நிலைகளில் அதை 23 வயது வரை நீட்டிக்க 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இடம் தருகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவித்தொகை, வேலைவாய்ப்புக்கு ஏற்பாடு, ஆலோசகர், தொழில் தொடங்கக் கடனுதவி என்று அந்த விதிகளில் நல்ல பட்டியலே இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தின் 46ஆவது பிரிவைக் கவனித்துப் படிக்க வேண்டும். வெளியேறும் பிள்ளைக்கு நிதி உதவி 'வழங்கலாம்' என்றுதான் அதில் இருக்கிறது, 'வழங்க வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். கேட்கிற ஆள் இருந்தால் கிடைக்கும். கேட்க ஆள் இல்லாதவர்களுக்காகப் போட்ட சட்டம் அது.

இந்தத் தம்பிக்குப் பிற்காப்பு என்ற சொல்லே தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. நம் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது. அது மாவட்ட ஆட்சியரின் கட்டுப்பாட்டில் இயங்கும் அலுவலகம். அங்கே எழுத்து மூலம் விண்ணப்பித்தால் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைக்கப்படும். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும்.

மகாராஷ்டிர அரசு 2018இல் ஆதரவற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 விழுக்காடு தனி ஒதுக்கீடு கொடுத்தது. தமிழ்நாட்டில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ஏற்பாட்டில், பத்து வயதுக்கு மேல் பெற்றோரை இழந்தவர்களின் நிலையை அரசு மறுபரிசீலனை செய்யலாம். அதே நேரத்தில், எந்தச் சாதி என்று தெரிந்த தலித் குழந்தையை 'ஆதரவற்றோர்' என்ற ஒரே காரணத்துக்காக வேறு பட்டியலில் தள்ளிவிடாமல், முதலில் அதன் சொந்தச் சான்றை வாங்கித் தருவது இல்லங்களின் கடமையாக்கப்பட வேண்டும்.

விடுதி மூடும் நாள்

சான்று கிடைத்துப் படிப்பில் சேர்ந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. இல்லத்தில் வளர்ந்து இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோடு பேசினால், அவர்கள் பயப்படுவது பரீட்சைக்கு அல்ல, பொங்கல் விடுமுறைக்கு. விடுதி மூடுவார்கள். எல்லோரும் ஊருக்குப் பை கட்டுவார்கள். "நீ எப்ப கிளம்புற?" என்று வார்டன் கேட்பார். போக இடம் இருக்காது. ஒரு பெண், தீபாவளிக்குத் தோழியின் வீட்டுக்குப் போனவர், தோழியின் பாட்டி "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டதும் மறுநாளே கிளம்பிவிட்டதாகச் சொன்னார். பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்தேன் என்று சொன்ன பையனும் உண்டு.

அறை எடுக்கப் போனாலும் இதே கேள்விதான். டவுனில் வீட்டுக்காரர் முதலில் "எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால் "எந்தத் தெரு?" என்பார். தெருவுக்குப் பதில் சொன்னால் "அப்பா வந்து பேசட்டும்" என்பார். பெற்றோர் உள்ள தலித் பிள்ளை இரண்டாவது கேள்வியில் நின்றுபோகிறான். இல்லத்துப் பிள்ளைக்கு மூன்றாவது கேள்வியும் சுவர்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று 2025இல் அரசு பெயர் வைத்தது. பெயர் நல்ல பெயர். விடுமுறை நாளில் போக இடமில்லாத பிள்ளைகளுக்காக மாவட்டத்துக்கு ஒரு விடுதியையாவது பண்டிகை நாட்களிலும் திறந்து வைத்தால் அந்தப் பெயருக்கு இன்னும் பொருள் கூடும். பத்துப் பதினைந்து பேருக்கு உலை வைக்கிற செலவுதான்.

வேலைக்குப் போகும் வழி

பணத்தேவை இருக்கும் பிள்ளையைப் பார்த்து "நாலு வருஷம் படி" என்று சொல்வது சுலபம். 18 வயதில் சோற்றுக்கும் வாடகைக்கும் தானே பொறுப்பு என்று ஆனவன், அடுத்த மாதச் சம்பளத்தைத்தான் பார்ப்பான். அதனால்தான் பனியன் கம்பெனியும் ஓட்டலும் அவனை முதலில் இழுக்கின்றன. படிப்பும் கொஞ்சம் பணமும் சேர்ந்து கிடைக்கிற பாதையைத்தான் இவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ. அப்படி ஒரு பாதை. கட்டணம் சுமையில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு. இதனுடன் பிற்காப்பு உதவி மாதம் 4,000 ரூபாயும் கிடைத்தால் ஒரு பிள்ளை வேலைக்கு ஓடாமல் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கலாம். கணக்கு இவ்வளவு எளிது. இதை அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

படித்து முடித்தால் தொழிற்பழகுநர் பயிற்சி. நம் மாவட்டத்திலேயே நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பழகுநர்களாக எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவர்களே. அந்தத் தமிழ்வழிச் சான்றையும் பள்ளியை விட்டு வரும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னோர் செய்த வேலை

பிள்ளையைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைப்பது நமக்குப் புதிதல்ல. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகமும் பள்ளியும் தொடங்கினார். சேரிகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் இல்லாமல் படிப்பு நிற்காது என்று அவருக்குத் தெரியும். நந்தனார் பெயரில் சிதம்பரத்தில் இன்றும் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே படித்துத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நம் மாவட்டம் முழுக்க இருக்கின்றன.

அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி 1913 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டில்தான் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த உதவித்தொகை வராமல், குடும்பச் சுமையை நினைத்து ஏதோ ஒரு குமாஸ்தா வேலையில் அவர் உட்கார்ந்திருந்தால் நம் கதி என்ன? அந்த நன்றியை அவர் சொல்லில் மட்டும் வைக்கவில்லை. 1924இல் சங்கம் தொடங்கியதும் அவர் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

ஊருக்கு ஒரு அம்பேத்கர் மன்றம் வைத்திருக்கிறோம். ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிறோம். நம் தெருவிலிருந்து எந்தெந்தப் பிள்ளை எந்த இல்லத்தில் இருக்கிறது என்ற பட்டியல் எந்த மன்றத்திலாவது இருக்கிறதா?

பதினான்கு வயதிலேயே தொடங்குங்கள்

18 வயது முடிந்த பிறகு ஓடுவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. இல்லப் பொறுப்பாளர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள், மன்றத்து இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, சாதிச் சான்று. தாய், தந்தை ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். இருவரும் இல்லையென்றால் தந்தைவழி உறவினரின் சான்று, தந்தை படித்த பள்ளியின் பதிவு, இறப்புச் சான்றுகள், இல்லத்தின் கடிதம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர் சான்றை வட்டாட்சியரும், பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியரும் தருகிறார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்ய அது வேண்டும்.

இரண்டாவது, தாய் மட்டும் வளர்த்த பிள்ளைகள். தந்தை வேறு சாதி, அவர் விட்டுப் போய்விட்டார், தலித் தாய்தான் வளர்த்தார் என்றால் சான்று கிடையாது என்று திருப்பி அனுப்புவதை ஏற்க வேண்டியதில்லை. பிள்ளை எந்தச் சூழலில், எந்த இழிவுகளைச் சந்தித்து வளர்ந்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்றாவது, பதிவேட்டில் மதம். இல்லத்தை எந்த மதத்தவர் நடத்துகிறார்களோ அந்த மதம் பிள்ளையின் மதம் ஆகிவிடாது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே பட்டியல் சாதிச் சான்று கிடைக்கும். தலித் கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த ஆணை நியாயமா என்பது நாம் தொடர்ந்து பேசவேண்டிய விஷயம். ஆனால் குடும்பத்தின் மதத்தைக் கேட்காமல் இல்லத்தில் ஒருவர் தன்போக்கில் நிரப்பிய கட்டம் ஒரு பிள்ளையின் உரிமையைப் பறித்துவிடக் கூடாது.

நான்காவது, வங்கிக் கணக்கும் ஆதாரும். கண்காணிப்பாளரோடு சேர்ந்த சிறார் கணக்கை, 18 முடிந்ததும் பிள்ளையின் தனிப் பெயருக்கு மாற்ற வேண்டும். கணக்கு ஆதாரோடு இணையாவிட்டால் உதவித்தொகை வந்து சேராது. ஆதாரில் உள்ள செல்பேசி எண் இல்லத்தின் எண்ணாக இருந்தால், ஓ.டி.பி.க்காகப் பிள்ளை அலைய நேரும்.

ஐந்தாவது, பிற்காப்பு விண்ணப்பம். வெளியே வந்த பிறகல்ல, இல்லத்தில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

இல்லத்தில் சேர்க்க நினைக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வறுமை ஒன்றுதான் காரணம் என்றால், பிள்ளையைப் பிரிவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். கணவரை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தோ, ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாமலோ உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். இது 2025 செப்டம்பரில் தொடங்கியது. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 1098 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது

சான்று வந்த பிறகும் அவன் திருப்பூரை விட்டு வரத் தயங்கினான். மாதம் பத்தாயிரம் சம்பளம், தங்க இடம் என்று ஒரு பிடி இருந்தது. "திரும்பவும் படிக்கப் போயி, நடுவுல காசு நின்னுட்டா யார்ணா எனக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் வாயால் சொல்லப் பதில் இல்லை. அத்தைதான் "சனி ஞாயிறு எங்க வூட்டுக்கு வா. இருக்கிறத துன்னலாம்" என்றார். அதை நம்பித்தான் வந்தான்.

இப்போது அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாதிச் சான்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறான். அப்பாவின் பெயர் இருந்த பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் அதோடு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தான் வளர்ந்த இல்லத்துக்குப் போயிருக்கிறான். ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் அப்பா பெயர், ஊர், ஊரில் யார் இருக்கிறார்கள், அப்பா எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறான். பதினோரு பேர். நான்கு பேரிடம் சாதிச் சான்று இல்லை. இருவருக்கு அப்பா ஊர் பெயர் மட்டும்தான் தெரியும். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்திருக்கிறார்.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் அந்த நான்கு மனுக்களோடும் போகிறோம். இந்த முறை அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் பெரியவர்களும் நிற்பார்கள்.